பலிபீடத்தில் விட்டு வந்த காணிக்கை

இயேசுநாதரின் உபதேசங்களைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் மறு கன்னத்தைக் காட்டும் உபதேசத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது உன்னதமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நம்மில் அநேகர் கன்னத்தில் அறை வாங்கும் சந்தர்ப்பமே இல்லாமல் ஆயுளைக் கழித்துவிடுகிறோமாதலால், அதைப் புகழ்வதில் நமக்குச் செலவு ஒன்றும் இல்லை. செலவு வைக்கும் வேறோர் உபதேசம் அதே மலைப்பிரசங்கத்தில், மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில், சற்று முன்னதாகவே இருக்கிறது.

காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்து நிற்கும் ஒருவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் ஏதோ குறை உண்டென்பது அங்கே நினைவுக்கு வருகிறது. அவன் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகி, பிறகு வந்து காணிக்கையைச் செலுத்த வேண்டும் என்கிறார் இயேசுநாதர்.

இதில் நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குறை யாருக்கு யார்மேல்? நமக்குப் பிறர்மேல் குறை இருந்தால் மன்னித்துவிட வேண்டும் என்று மாற்கு 11-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அது நின்ற இடத்திலேயே, ஜெபம் பண்ணும்போதே, செய்துவிடக்கூடியது. இங்கேயோ குறை பிறனுக்கு நம்மேல் இருக்கிறது. அதை நம் மனசுக்குள்ளே தீர்த்துக்கொள்ள வழியில்லை. எழுந்து நடந்தாக வேண்டும்.

நடப்பதாவது எவ்வளவு தூரம்? கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயா நாட்டார். பலிபீடமோ எருசலேம் தேவாலயத்தில் இருந்தது. கலிலேயாக் கடலோரத்துக் கப்பர்நகூமுக்கும் எருசலேமுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல். கால்நடையாகப் பல நாள் வந்து சேர்ந்தவன், காணிக்கையை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப்போய்ச் சகோதரனைக் கண்டு, மறுபடியும் அத்தனை தூரம் வர வேண்டும். கேட்டவர்களில் சிலர் சிரித்தேயிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

காந்தியடிகள் 1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் படித்த காலத்தில் பைபிளைப் படித்தார். பழைய ஏற்பாட்டில் சில பாகங்கள் தூக்கத்தை வரவழைத்தன என்றும், மலைப்பிரசங்கம் நேரே நெஞ்சில் புகுந்தது என்றும் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். தஞ்சாவூரில் 1892-ல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து அவருடைய தொண்டரான ஜே. ஸி. குமரப்பா, சிறையிலிருந்தபோது இயேசுவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புஸ்தகம் 1945-ல் காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்தது. அதன் தலைப்பில் 'நடைமுறை' என்ற சொல் முன்னும், 'உபதேசம்' என்ற சொல் பின்னும் நிற்கின்றன. உபாத்தியாயத் தொழில் செய்கிற நமக்கு அந்த வரிசை எப்போதும் சற்றுச் சங்கடத்தைத் தருவதுண்டு. காரணம் பின்வருமாறு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலாவுக்காகக் கட்டிய பணத்தில் 400 ரூபாய் காணாமற்போயிற்று. முந்திய இடைவேளையில் வகுப்பில் தனியாக இருந்தவன் ஒரே ஒரு பையன். முன் பெஞ்சுக்காரன், கணக்கில் கெட்டிக்காரன், சுற்றுலாப் பணம் கட்டாதவன். இந்தக் கடைசிச் செய்தி ஒன்றே நமக்குப் போதுமானதாக இருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு எதிரே அவன் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னோம். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததையும் அவனுடைய சாமர்த்தியத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டு, சொல்லத் தகாத அந்த ஒரு வார்த்தையைச் சொன்னோம். அவன் அழவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் வரவுமில்லை.

சனிக்கிழமை இரவு, வருகைப் பதிவேட்டுக்குப் புது உறை போடலாமென்று பழைய காகிதத்தை உரித்தபோது, அட்டைக்கும் உறைக்கும் நடுவிலிருந்து 400 ரூபாயும் விழுந்தது. வைத்த கை நம்முடையது.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்களில் அன்று அவரவர் விளைவைக் கொண்டுவந்து படைப்பதும், ஆராதனை முடிந்தபின் அவற்றை ஏலம் விடுவதும் வழக்கம். நாமும் கொல்லையில் வெட்டிய வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு போனோம். திங்கட்கிழமை பையனைத் தனியே கூப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டே போனோம். அன்றைக்குக் குருவானவர் வாசித்த பாடம் வேறு ஏதோ. ஆனால் வாழைத்தாரைப் பீடத்தருகே இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பல வருஷங்களாக ஞாயிறு பள்ளியில் நாமே சொல்லிக்கொடுத்த அந்த வசனம் வந்து நின்றுகொண்டது. தோளில் தாரின் பால் ஒட்டிய சட்டையோடு அப்படியே வெளியே நடந்தோம். வயிற்றுவலி போலும் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

பையன் வீட்டுக்குக் கலிலேயாத் தூரம் இல்லை. இரண்டு தெருத் தாண்டினால் போதும். அவன் தாயார் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நாம் விஷயத்தைச் சொன்னோம். மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மாள் கையிலிருந்த பீடியை நூல் கட்டி முடித்து முறத்தில் போட்டுவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார்.

"ஐயா, அவன் எடுக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எங்கிட்ட வந்து சொல்லுதீக. அவனை எங்க வச்சுச் சொன்னீகளோ அங்க வச்சுல்லா சொல்லணும்?"

உள்ளே நிலைக்கதவின் பின்னால் பையனுடைய கால் மட்டும் தெரிந்தது. அவன் வெளியே வரவில்லை.

நாம் கோயிலுக்குத் திரும்பியபோது ஏலம் முடிந்திருந்தது. நம் வாழைத்தார்தான் அன்றைக்கு நல்ல விலைக்குப் போயிற்று என்று கோயில் பணியாள் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். ஒப்புரவு பாதி வழியில் நிற்க, காணிக்கை மாத்திரம் முந்திக்கொண்டுவிட்டது.

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அதே நாற்பது பிள்ளைகளுக்கு எதிரே, பதிவேட்டையும் பணத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னோம். இருபது வருஷம் வகுப்பெடுத்த நாக்கு அன்றைக்குப் போல் உலர்ந்ததில்லை. பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. அவன் இல்லாத வகுப்பில் சொன்னது எப்படிக் கணக்காகும் என்ற கேள்வி நமக்கே எழுந்ததால், புதன்கிழமை அவன் வந்தபிறகு இன்னொரு முறையும் சொன்னோம். இரண்டாம் முறை இன்னும் கடினமாக இருந்தது. அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அதற்குப் பிறகு பின் பெஞ்சில் உட்காரத் தொடங்கினான். முன்னே வா என்று நாமும் அழைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆண்டு விழாவுக்காக வகுப்பில் பணம் வசூலிக்க வேண்டி வந்தது. அந்தப் பொறுப்பை அவனிடமே கொடுத்தால் பிள்ளைகள் எல்லாருக்கும் தெளிவாகிவிடும் என்று கருதி, நோட்டையும் பணப்பெட்டியையும் அவனிடம் நீட்டினோம். அவன் எழுந்து நின்று, மரியாதையாகவே, "வேண்டாம் ஐயா" என்றான்.