வெள்ளவத்தை முன்முற்றங்கள்

வெள்ளவத்தையில் வீடு விலைக்கு வந்தால் அறைகள் எத்தனை, கிணறு உண்டா என்று கேட்பவர் பலர். முன்முற்றத்தைப் பற்றிக் கேட்பவர் சிலரே. காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில் எஞ்சியுள்ள பழைய வீடுகளுக்கு அதுவே தனியழகு. இடுப்பளவு மதில், செவ்வரத்தை வேலி, அப்பால் விறாந்தை. வீதியிற் செல்வோருடன் அளவளாவலாம். செடி மறைவில் ஒதுங்கியும் இருக்கலாம். யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலி கொடாத வசதியன்றோ இது! கொட்டாஞ்சேனையின் நெருக்கமான பழைய தெருக்களிலோ படியிறங்கினால் வீதிதான்.

1983 யூலையில் இங்கே தமிழர் வீடுகள் பல எரியூட்டப்பட்டன. கிடைத்த விலைக்கு விற்றுப் புறப்பட்டோர் அநேகர். முற்றங்கள் பல பின்னர் தொடர்மாடிகளுக்குள் மறைந்தன.

அண்மையில் நாம் பார்த்த வீட்டின் மதில் ஆளுயரத்துக்கு மேல். இரும்புத் தகட்டுக் கதவு. "நல்ல மறைவு" என்றார் தரகர். உள்ளே செவ்வரத்தை பூத்திருந்தது. விலையைக் கேட்டுக்கொண்டு திரும்பினோம்.