உறுதி மடல் போகாத ஆறு நாட்கள்

திங்கள்

இணையவழித் தானியக்கக் கருவி என்பது, ஓரிடத்தில் ஒன்று நடந்தவுடன் வேறோரிடத்தில் அதற்குரிய வேலையை மனிதக் கை படாமல் முடித்துவைக்கும் ஏற்பாடாகும். முதல் நிகழ்வைக் கவனித்து வேலையைத் தொடங்கிவைக்கும் உறுப்புக்கு டிரிக்கர், அதாவது தூண்டி, என்று பெயர். இக்குறிப்புகள் ஒரு பயிற்சி வகுப்பின் சேர்க்கைப் பணியைப் பற்றியவை. மாணவர் கூகுள் படிவத்தை நிரப்புகிறார். அவ்விவரம் கூகுள் ஷீட்டில் ஒரு வரியாக விழுகிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எழுதப்பட்ட நிரல் அவ்வரியைப் படித்து உறுதி மடல் அனுப்புகிறது. மடல் வரவில்லை என்ற புகார் எழுந்தவுடன் நிரலைத் திருத்தத் தொடங்குவதே பலரின் வழக்கம். அது சரியாக இருந்த நிரலையும் கெடுத்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது ‘எக்ஸிகியூஷன்ஸ்’ எனப்படும் ஓட்டப் பதிவேடு. அந்த நேரத்துக்கு அதில் பதிவே இல்லையெனில் தூண்டி அசையவில்லை. பதிவு இருந்து தோல்வி என்று குறிக்கப்பட்டிருந்தால் நடுவழியில் தடை நேர்ந்திருக்கிறது. முடிந்தது என்றிருந்தும் மடல் சேரவில்லையெனில் கோளாறு பெரும்பாலும் தரவில் இருக்கிறது.

செவ்வாய்

பதிவேட்டில் எதுவும் இல்லை. ஆயினும் பராமரிப்பவர் சோதனைக்காக ஷீட்டில் ஒரு வரியைக் கையால் தட்டியபோது மடல் உடனே போயிற்று. தூண்டி ‘ஆன் எடிட்’ வகையில் அமைக்கப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். அவ்வகைத் தூண்டி, ஷீட்டைத் திறந்து ஒருவர் செய்யும் திருத்தத்தை மட்டுமே திருத்தமாகக் கொள்ளும். படிவத்தின் வழியாகவோ இன்னொரு நிரலின் வழியாகவோ விழும் வரியை அது பொருட்படுத்துவதில்லை. ‘ஆன் ஃபார்ம் சப்மிட்’ என்று மாற்றியதும் புதிய பதிவுகளுக்கு மடல் செல்லத் தொடங்கியது. உண்மையான பாதையை விட்டுக் குறுக்குவழியில் செய்யப்படும் சோதனை, இல்லாத நலத்தை இருப்பதாகக் காட்டிவிடுகிறது. படிவத்தை நிரப்பிப் பார்ப்பதே இங்கு சோதனை.

புதன்

தூண்டியை மாற்றியபோது இன்னொரு செய்தி தெரியவந்தது. இவ்வகைத் தூண்டி, அதை அமைத்தவரின் கணக்கில், அவருடைய அனுமதியைக் கொண்டே ஓடுகிறது. அந்த ஷீட்டைத் திருத்தும் உரிமை பெற்ற மற்றவர்களாலும் அவர் அமைத்ததைப் பார்க்க முடியாது. எனவே அமைத்தவர் பணியை விட்டுச் சென்று அவருடைய கணக்கும் நீக்கப்பட்டால், வேலை யாருக்கும் தெரியாமல் நின்றுபோகும். வெளிக் கருவிகளை இணைக்கும்போது இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. கடவுச்சொல்லைக் கொடுக்காமலே ஒரு கருவிக்கு வரையறுத்த அனுமதி வழங்கும் முறைக்கு ஓஆத் என்று பெயர், அதன் 2.0 பதிப்பு 2012இல் வெளியானது. அம்முறையில் கொடுக்கப்படும் டோக்கன் என்னும் மின்சாவி, ஜிமெயில் அனுமதியைக் கொண்டதாக இருந்தால், கணக்கின் கடவுச்சொல் மாறியவுடன் செல்லாததாகிவிடும். ஆறு மாதம் பயன்படுத்தாமல் விட்டாலும் அவ்வாறே. பாதுகாப்புக் கருதிக் கடவுச்சொல்லை மாற்றியவர், அதனால் அறுந்த இணைப்பை மறுநாளே நினைவில் கொள்வது அரிது. ஒரு வேலை எவருடைய கணக்கில் ஓடுகிறது என்பதை ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

வியாழன்

இதே வகுப்பு மாணவர்களுக்கான நினைவூட்டல் மடல் காலை 9 மணிக்குப் போகாமல் 9.40க்குப் போயிருந்தது. இது கோளாறன்று, ஆப்ஸ் ஸ்கிரிப்டின் தினசரித் தூண்டி, குறித்த மணிக்குள் ஏதேனும் ஒரு நிமிடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற கருவிகளில் நேரம் இயல்பாக உலகப் பொதுநேரத்தில் கணக்கிடப்படுவதால், 9 மணி என்று எழுதிய வேலை இந்தியாவில் பிற்பகல் 2.30க்கு நடக்கும். ஐந்தரை மணி நேரத் தாமதம் எங்கு தென்பட்டாலும் பெரும்பாலும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வெள்ளி

விடுபட்ட அனைவருக்கும் ஒரே மூச்சில் மடல் அனுப்பும் முயற்சி பாதியில் நின்றது. தனிநபர் கணக்கு ஒன்றிலிருந்து ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளில் 100 பேருக்கு மட்டுமே மடல் அனுப்பலாம். அதோடு ஒரு நிரல் தொடர்ந்து 6 நிமிடத்துக்கு மேல் ஓட முடியாது. வரம்பைத் தொட்டு நின்றதைவிட, நின்றதை மீண்டும் ஓட்டுவதில்தான் பெருந்தீங்கு இருக்கிறது, ஏனெனில் முன்பே மடல் பெற்றவர்களுக்கு அது இரண்டாம் முறையும் போகும். இதைத் தவிர்க்க, ‘அனுப்பப்பட்டது’ என்றொரு பத்தியைச் சேர்த்து, ஒவ்வொரு மடலும் போன கையோடு அவ்வரியில் குறி இடும்படியும், குறியுள்ள வரியைத் தாண்டிச் செல்லும்படியும் நிரல் மாற்றப்பட்டது. எல்லாம் முடிந்தபின் மொத்தமாகக் குறி இடலாம் என்று விட்டால், பாதியில் நிற்கும் நாளில் ஒரு குறியும் இருக்காது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மாற்றங்களைச் சேர்த்துவைத்துப் பிறகே ஷீட்டில் பதியும் இயல்புடையதால், குறி இட்ட உடனே ‘ஃப்ளஷ்’ என்னும் கட்டளையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

சனி

ஒரே ஒரு மாணவியின் மடல் மட்டும் இன்னும் போகவில்லை. பதிவேடு வேலை முடிந்ததாகவே காட்டியது. ஆனால் மடல் அனுப்புமுன் கட்டணப் பட்டியல் ஷீட்டில் பெயரைத் தேடும் நிரல், அவருடைய கோமதி என்ற பெயர் அங்கு இல்லை என்று முடிவுசெய்திருந்தது. பெயர் சேர்க்கை, கட்டணம் ஆகிய இரு ஷீட்டிலும் இருந்தது. கண்ணுக்கு எழுத்தும் ஒன்றே. யூனிகோடு முறையில் ‘கோ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், நிரலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். தமிழ்ப் பெயர்களைக் கையாளும் எவரும் அறிந்திருக்க வேண்டிய இச்செய்தி, ஆங்கிலப் பெயர்களை மட்டும் எண்ணி எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஒப்பிடுமுன் இரு பெயரையும் ‘நார்மலைஸ்’ என்னும் கட்டளையால் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தபோது அவை பொருந்தின. இனிமேல் பெயரை வைத்துத் தேடாமல் பதிவு எண்ணை வைத்துத் தேடும்படியும் நிரல் மாற்றப்பட்டது. ஆறு நாளாக இடம் கிடைக்கவில்லை என்று எண்ணிக் காத்திருந்த மாணவிக்கு மாலை 4 மணிக்கு மடல் சென்றது.