எதிர்க்கப்பலின் 'டி'

விளக்கடித்துப் பேசும்போது, அனுப்பிய சொல் போய்ச் சேர்ந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டதும் எதிர்க்கப்பல் ஒரே ஒரு நீண்ட ஒளி காட்டும். மோர்ஸில் அது 'டி'. அது வராவிட்டால் அதே சொல்லை மறுபடி அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 எழுத்து என்பது பன்னாட்டுச் சைகை நூல் வகுத்த வேகம். எதிரே இருப்பவர் 20 எழுத்துதான் வாங்குவார் என்றால் நானும் 20-க்கு இறங்கிவிடுவேன். இந்தத் தொழிலில் வேகக்காரரை யாரும் மெச்சுவதில்லை. திரும்பக் கேட்க வைக்காதவரைத்தான் மெச்சுவார்கள்.

பழைய ஆல்டிஸ் விளக்கில் பல்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். விசையை இழுத்தால் உள்ளிருக்கும் கண்ணாடி சாய்ந்து கற்றையை இலக்கின் மேல் கொண்டுவரும். விட்டால் கற்றை விலகிவிடும். பல்பையே ஏற்றி அணைத்தால் இழை சூடேறவும் ஆறவும் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் ஒரு புள்ளியின் ஓரம் கரைந்து அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். மாஸ்ட் உச்சியில் இருந்த மோர்ஸ் விளக்குகளில் இந்தத் தொல்லை உண்டு. ஆல்டிஸில் ஓரம் துல்லியமாக விழும். ஆனால் கற்றை மிக ஒடுக்கம். கப்பல் உருளும்போது மேலிருக்கும் குறிக்குழல் வழியே எதிர்க்கப்பலின் பிரிட்ஜை விடாமல் பிடித்திருக்க வேண்டும். காலை அகட்டி நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் உடம்பு உருளலோடு போகும், விளக்கு அசையாது.

வாங்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒளியிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுத்தெழுத்தாகச் சொல்வார், மற்றவர் எழுதுவார். புள்ளிகளை எண்ணத் தொடங்கினால் தொலைந்தோம். மிருதங்கத்தைக் கேட்பவர் அடிகளை எண்ணுவதில்லை, சொற்கட்டாகத்தான் கேட்கிறார், இதுவும் அப்படித்தான். காதால் மோர்ஸ் வாங்குவதில் தேர்ந்த ரேடியோ அதிகாரிகள்கூட விளக்கின் முன்னால் திணறிப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தனிப் பழக்கம் வேண்டும். இரண்டு புள்ளி, ஒரு கோடு 'யூ': நீங்கள் ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள். அதற்கு முன்னால் இன்னொரு புள்ளி சேர்ந்தால் 'வி': எனக்கு உதவி வேண்டும். அந்த ஒரு புள்ளியைத் தவறவிட்டால், உதவி கேட்பவர் எச்சரிக்கை தருபவராகிவிடுவார்.

1912 ஏப்ரலில் கலிஃபோர்னியன் கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தது. அதன் செகண்ட் மேட் ஸ்டோனும் பயிற்சி மாணவர் கிப்சனும் தொலைவில் ஒரு கப்பலைக் கண்டு மோர்ஸ் விளக்கில் அழைத்தார்கள். டைட்டானிக்கின் பிரிட்ஜிலும் அதிகாரி பாக்ஸ்ஹால் விளக்கடித்துக்கொண்டும் ராக்கெட் விட்டுக்கொண்டும் இருந்தார். எதிரே தெரிந்த மினுக்கலைப் பதில் என்று முதலில் நினைத்த கிப்சன், பைனாகுலரில் பார்த்துவிட்டு அது மாஸ்ட் விளக்கின் நடுக்கம் என்று முடிவுசெய்தார். வெள்ளை ராக்கெட்டுகளும் தெரிந்தன. கேப்டன் லார்டுக்குச் சொன்னார்கள். விளக்கில் தொடர்ந்து அழைக்கச் சொன்னார். ரேடியோக்காரரை அந்த நேரத்தில் யாரும் எழுப்பவில்லை. அவர்கள் கண்டது டைட்டானிக்கைத்தான் என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவுசெய்தது. மறுப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை. 'டி' வராத விளக்கையே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு, கையிலிருந்த வேறு வழியைத் தொடாமல் விட்டார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

அன்றைய விதியில் ஆபத்து ராக்கெட் எந்த நிறத்திலும் இருக்கலாம். இன்று சிவப்புதான், அதில் ஐயத்துக்கு இடமில்லை. பாராஷூட் ராக்கெட் குறைந்தது 300 மீட்டர் ஏறி 40 விநாடி எரியும். கையில் பிடிக்கும் ஃப்ளேர் ஒரு நிமிடம். உயிர்ப்படகில் நான்கு ராக்கெட், ஆறு ஃப்ளேர் இருக்கும். பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது என்று பயிற்சியில் அழுத்திச் சொல்வேன். முதல் ராக்கெட் ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அடுத்தது அவருக்குத் திசை காட்டும். மேகம் தாழ்ந்திருந்தால் நேராக விடாமல் சாய்த்து விட வேண்டும், இல்லாவிட்டால் மேகத்துக்கு மேலே வீணாக எரிந்துபோகும்.

1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோளும் டி.எஸ்.சி. எனும் டிஜிட்டல் ரேடியோ அழைப்பும் கப்பல்களின் ஆபத்து அழைப்பை முழுதாக ஏற்றுக்கொண்டன. அதை முழு மனதோடு வரவேற்கிறேன். எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது கருவி இருப்பவர்களுக்கான ஏற்பாடு. கன்னியாகுமரியைச் சுற்றி இரவில் போகும்போது கப்பல்களை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். திரையில் தெரியாத எத்தனையோ நாட்டுப்படகுகள் முன்னால் இருக்கும். ஒரு டார்ச் ஒளி நம்மை நோக்கி அசையும். பெரும்பாலும் 'வலை கிடக்கிறது, விலகிப் போ' என்பதுதான் சேதி. சில வேளை எஞ்சின் நின்றுபோன படகாக இருக்கும். இரண்டும் ஒரே டார்ச், ஒரே கை. அந்த மீனவருக்கு மோர்ஸ் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிரித்தறிவது நம் பொறுப்பு. சுக்கானி "முன்னால லைட்டு சார்" என்றதும் திரையைப் பார்க்கிற தேர்ட் மேட்டை நான் பிரிட்ஜின் வெளி விங்குக்கு அனுப்பிவிடுவேன். ஒளி நாம் விலகியதும் நின்றுவிடுகிறதா, நம் பின்னாலும் தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். தொடர்ந்தால் வேகத்தைக் குறைத்து, வி.ஹெச்.எஃப்.பில் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்க் கேட்டுவிட வேண்டும். அதற்குச் செலவாகும் எண்ணெயைப் பற்றி அலுவலகத்துக்கு நான் எழுதிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவைப்பேன்.