ஆனி வெயிலுக்கு ஒரு கோசுமல்லி

சிதம்பரம் என்றதும் எல்லோரும் கத்தரிக்காய் கொத்சு பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனித் திருமஞ்சனத்துக்கு உறவுக்கூட்டம் வந்து இறங்கும்போது, தேர் பார்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வருபவர்கள் முதலில் கைவைப்பது கோசுமல்லியில்தான்.

பாசிப்பருப்பு முக்கால் மணி நேரம் ஊறினால் போதும். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. தண்ணீரை ஒட்ட வடியுங்கள். வெள்ளரிக்காயை நெடுக்கே பிளந்து, விதையை ஸ்பூனால் வழித்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். கேரட் துருவல், கிளிமூக்கு மாங்காய், தேங்காய், கொத்தமல்லி. கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்து, ஆறிய பிறகே கொட்ட வேண்டும். சூடாகக் கொட்டினால் வெள்ளரி துவண்டுவிடும்.

உப்புதான் இதில் எல்லாம். முன்கூட்டியே போட்டால் காய் நீர் விட்டுக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் கோசுமல்லித் தண்ணீர் பாயசத்தைத் தேடிக்கொண்டு இலையில் ஓடுமே, அந்தக் கதிதான். இலை போட்ட பிறகு உப்பு, கடைசியாக எலுமிச்சை.

கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு பண்ருட்டி முந்திரியை விடலாமா? வறுக்காமல், ஊறவைத்து, இரண்டாகப் பிளந்து மேலே அடுக்குங்கள். பாலாடை நிறத்தில் பளிச்சென்று இருக்கும். மாதுளை முத்தும் தூவலாம். மயோனைஸ் மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒன்று, தேங்காய் சேர்த்தது வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். கலந்த கையோடு பரிமாறித் தீர்த்துவிடுங்கள், ராத்திரிக்கு எடுத்துவைக்காதீர்கள்.