பணயத்தில் வந்த சீட்டு

கடதாசிக்கூட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. முந்நூற்றிநாலும் ஓமியும் கடற்கரையில் தோணி மறைவில் ஆடப்பட்டவை. அந்தப் பக்கம் போய் நின்றதாகக் காதில் விழுந்தாலே வாப்பா பிரம்பை எடுப்பார். 2012 டிசம்பர் விடுமுறைக்கு மெல்பேர்ணிலிருந்து வந்த தங்கச்சியின் மகன், 'மெஜிக்: த கெதரிங்' சீட்டுக் கட்டுகள் இரண்டை விறாந்தையில் விரித்தபோது, உம்மா முதலில் பார்த்தது கேற் பக்கம்தான். வாப்பா மௌத்தாகி அப்போது ஆறு வருடங்கள்.

நாற்பத்தைந்து வயதில், பன்னிரண்டு வயது மருமகனிடம் பாடம் கேட்டேன். அந்த விளையாட்டு இன்னும் என்னை விடவில்லை.

1993 இல் றிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதக்காரர் ஆக்கியது இது. ஓமியில் நால்வருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இங்கே அறுபதுக்குக் குறையாமல் அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வரவேண்டும். ஆகவே பாதி ஆட்டம் பாயில் உட்காருமுன்பே முடிந்துவிடுகிறது. அந்த அறுபதில் இருபத்திநாலு அளவில் வெறும் நிலச் சீட்டுகள். ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். நிலம் தரும் சக்தியைக் கொண்டே மற்றச் சீட்டுகளை இறக்கலாம். நிலம் வராவிட்டால் கை நிறையப் பெரிய சீட்டுகளை வைத்துக்கொண்டு பட்டினி. நிலமாகவே வந்தால் விதைநெல் இல்லாத வயல்காரன். இதைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கோ விளையாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. பேராசைப்பட்டுப் பெரிய சீட்டுகளால் கட்டை நிரப்புகிறவனை நிலம் தண்டிக்கிறது. அதோடு, இது மட்டும் இல்லாதிருந்தால் மருமகன் ஒரு தடவைகூட என்னிடம் தோற்றிருக்கமாட்டான்.

நான் பொறுக்காதது அந்த மூடிய பக்கற்றைத்தான். அப்போது உள்ளே பதினைந்து சீட்டுகள் இருந்தன. அரியது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. பலமான சீட்டுகள் அரிதாக இருந்தால் ஊரில் ஒருவரிடம் ஒன்றிரண்டுதான் சேரும் என்று ஆரம்பத்தில் கணக்குப் போட்டார்கள். காசுள்ளவன் பெட்டி பெட்டியாக வாங்கியதில் அந்தக் கணக்குப் பிழைத்தது. பக்கற்றைக் கிழிக்கும்போது நெஞ்சு அடிக்கும் அடியை நானும் அறிவேன். வாப்பா பயந்தது அதற்குத்தான் போலும். 2001 இல் சவூதி அரேபியா 'போக்கிமொன்' சீட்டுகளைத் தடைசெய்தபோது பலர் சிரித்தார்கள். சின்னங்கள் பற்றிய குற்றச்சாட்டில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால், சூது என்று சொன்ன பகுதி சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. மாற்று வழியும் உண்டு. கார்ஃபீல்ட் 1996 இல் தந்த 'நெற்றன்னர்' முதலில் மூடிய பக்கற்றில்தான் வந்தது. 2012 இல் வேறொரு நிறுவனம் அதை மீளக் கொண்டுவந்தபோது, இன்ன சீட்டுகள் உள்ளன என்று முன்கூட்டியே தெரிந்த பெட்டிகளில் தந்தது. உரிம ஒப்பந்தம் முடிந்து 2018 இல் நிற்கும்வரை ஆட்டத்தின் சுவை ஒன்றும் கெடவில்லை.

ஆரம்ப விதிகளில் பணயமும் இருந்தது. ஒவ்வொருவரும் தன் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பார்க்காமல் எடுத்து ஒதுக்கிவைப்பார். வென்றவருக்கு இரண்டும் சொந்தம். நாங்கள் சிறுவயதில் போளை அடித்ததும் இப்படித்தானே! விதி எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. எங்கோ வாசித்துவிட்டு, ஒரே ஒரு தடவை விளையாடிப் பார்ப்போம் என்றான் மருமகன். பெரியவன் நான் மறுத்திருக்க வேண்டும்.

அவன் பக்கம் புரண்டு வந்தது 'செர்ரா ஏஞ்சல்'. பறந்து தாக்கும், தாக்கிய பிறகும் காவல் நிற்கும். அவனுடைய முதலாவது நல்ல சீட்டு அது. அன்று அவனுக்கு இரண்டு நிலத்துக்கு மேல் வரவேயில்லை. நான் புகழ்ந்த அதே நிலம்தான்.

"இந்தாங்க மனே, உங்கடதை நீங்களே எடுங்க" என்று நீட்டினேன்.

"ரூல் என்டா ரூல்தான் மாமா."

கண் கலங்கியிருந்தது. இரண்டாம் தடவை நான் நீட்டவில்லை. அவன் மறுத்ததனால் மட்டுமல்ல. எனக்கும் அந்தச் சீட்டில் ஆசை இருந்தது. உம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. ஒன்றும் பேசாமல் எழுந்து அஸருக்கு வுழூச் செய்யப் போனா.

மருமகன் இப்போது வேலைக்குப் போகிறான்; விளையாடுவதில்லை. சென்ற பெருநாளன்று போனில் பேசும்போது, அந்த ஏஞ்சல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். கட்டில் வைத்து விளையாடுகிறேன் என்றேன்.

"எத்தின நிலம் போட்டிருக்கீங்க?"

"இருபத்திநாலு."

"இன்னொன்டு கூட்டுங்க மாமா" என்றான்.