ஊருக்கே தெரிந்த முகம்

சின்ன ஊர்க் காதல் கதை என்றாலே பலருக்கும் ஓர் இளக்காரம். "ரயில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது சீட்டிலேயே விட்டுட்டுப் போற புக்" என்பார்கள். கதைச் சுருக்கத்தைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். சொந்த ஊருக்குத் திரும்பும் பெண், பள்ளி நாட்களிலிருந்தே அவளை மனதில் வைத்திருக்கும் ஒருவன், ஒரு பழைய கட்டிடம், அதற்குள் புதைந்த ஒரு குடும்பக் கதை.. கூடவே கொஞ்சம் பயம். கடைசிப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும் :)

ஆனால் அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸ் 2011, 2012-ல் வெளியிட்ட பூன்ஸ்போரோ கதைகள் மூன்றையும் அப்படித் தள்ளிவிட முடியாது.

முதலில் ஊர். பூன்ஸ்போரோ கற்பனை ஊர் அல்ல. மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் நான்காயிரம் பேர்கூட இல்லை. அங்கே இருந்த பழைய ஹோட்டல் கட்டிடம் ஒன்றை நோரா ராபர்ட்ஸே வாங்கிப் புதுப்பித்தார். வேலை நடக்கும்போது 2008 பிப்ரவரியில் தீப்பிடித்தது. விடாமல் மறுபடி கட்டி 2009-ல் திறந்தார். அறைகளுக்கு இலக்கியக் காதல் ஜோடிகளின் பெயர்கள். கதையிலும் அதே ஹோட்டலைத்தான் மூன்று அண்ணன் தம்பிகள் புதுப்பிக்கிறார்கள். கதாநாயகி கிளேர் நடத்தும் புத்தகக்கடை, நிஜத்தில் எழுத்தாளரின் கணவர் 1995-ல் தொடங்கியது. (காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க: விளம்பரத்தையே காசு கொடுத்து வாங்க வைப்பது இப்படித்தான்!)

குடும்ப ரகசியம் ஒரு ஆவியின் வடிவில் வருகிறது. 1862-ல் ஆன்டீட்டம் போர் நடந்தது இந்த ஊருக்குச் சில மைல் தள்ளித்தான். அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி, பூ வாசனையோடு ஹோட்டலில் இன்னும் யாருக்காகவோ காத்திருக்கிறாள். அவள் யார், காத்திருப்பது யாருக்காக என்ற முடிச்சு மூன்றாவது புத்தகம் வரை இழுக்கிறது. படிக்காதவர்களுக்காக விடை இங்கே வேண்டாம்.

சத்தியமாக, இந்தக் கதையில் பயம் தருவது ஆவி அல்ல. சாம் என்று ஒருவன்.

கிளேரின் கணவன் ராணுவத்தில் இருந்து ஈராக்கில் இறந்தவன். இரண்டு பிள்ளைகளோடும் வயிற்றில் ஒன்றோடும் ஊருக்குத் திரும்பியவள் அவள். சாம் அவளைச் சாப்பிட வெளியே கூப்பிடுகிறான். மாட்டேன் என்கிறாள். மறுபடி வருகிறான். சிரித்துக்கொண்டே மறுக்கிறாள். மறுபடியும் வருகிறான்.. வசதியான வீட்டுப் பிள்ளை, கூடப் படித்தவன், ஊருக்கே தெரிந்த முகம். அறிமுகம் இல்லாத ஒருவன் இப்படிக் கடைவாசலில் வந்து நின்றால் இரண்டாம் நாளே போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள். இவனை என்ன சொல்வது? "அவன் அப்படித்தான்" என்று எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கிளேரும் ஆரம்பத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொந்தரவு, அவ்வளவுதான் என்று நினைக்கிறாள்.

சின்ன ஊரின் இன்னொரு பக்கம் இதுதான். பெக்கெட்டுக்குக் கிளேர் மேல் பதினாறு வயதிலிருந்து ஆசை. அவள் வேறொருவனைக் கட்டிப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை. சாமோ அவள் பேச்சைக் காதிலேயே வாங்காதவன். இருவரும் அதே தெருவில் நடப்பவர்கள், இருவருக்கும் அவள் வீடு தெரியும். அறிமுகம் ஒருவனுக்கு உரிமையாகிவிடுகிறது, இன்னொருவனுக்குத் தயக்கமாகிறது. நோரா ராபர்ட்ஸ் இந்த வித்தியாசத்தைப் பிரசங்கம் செய்யாமல், கடைக்கு வந்துபோகும் சின்னச் சின்னக் காட்சிகளிலேயே காட்டுகிறார். கட்டிடத்துக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்கும் பக்கங்கள் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்ள வேண்டும்!

கடைசியில் ஒரு ராத்திரி, பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்குள்ளேயே சாம் வந்து நிற்கிறான். அப்போதும் அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி கிடையாது. தனக்குச் சேர வேண்டியதைக் கேட்க வந்தவன் மாதிரிதான் பேசுகிறான்.