கோடு மட்டும் மாறும் எல்லை

பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டப்ளினுக்குப் பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். நியூரி நகரைத் தாண்டியதும் சாலையோர வெள்ளைக் கோடு மஞ்சளாகிறது. வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வருகிறது. அவ்வளவுதான், நாடு மாறிவிட்டது! பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்குள் நுழைந்துவிட்டோம். நான் போன பேருந்து நிற்கவே இல்லை. கடப்பிதழை யாரும் கேட்கவில்லை. ஜோகூர் கடற்பால நெரிசலை வானொலியில் அறிவித்தே பழகிய எனக்கு நம்ப முடியவில்லை.

இந்த எல்லை எப்போதும் இப்படி இருந்ததில்லை. முப்பது ஆண்டு மோதலில் 3,500க்கும் அதிகமானோர் மாண்டனர். எல்லையில் ராணுவக் காவல் கோபுரங்கள் நின்றன. 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகே அவை போயின.

2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற பிரிட்டன் முடிவெடுத்தது. வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்திருந்தார்கள். ஆனாலும் 2020 ஜனவரி 31ஆம் தேதி அவர்களும் சேர்ந்தே வெளியேறினார்கள். நில எல்லையில் மீண்டும் சாவடிகள் முளைக்கக் கூடாது என்பதற்காக, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸிலிருந்து வரும் சரக்குகளுக்குத் துறைமுகத்தில் சோதனை வந்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே ஓர் எல்லையா என்று பிரிட்டன் ஆதரவாளர்கள் இன்றும் கொதிக்கிறார்கள்.

பிரிட்டன் மறுபடியும் சேருமா என்று நேயர்கள் கேட்பதுண்டு. சேர வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியோ, ஒற்றைச் சந்தைக்குக்கூடத் திரும்பமாட்டோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

வட அயர்லாந்துக்கு மட்டும் வேறு வழி உண்டு. எல்லையின் இருபுறமும் மக்கள் வாக்களித்து அயர்லாந்து ஒன்றானால், அந்தப் பகுதி முழுவதும் ஒன்றியத்துக்குள் வந்துவிடும் என்று ஐரோப்பியத் தலைவர்கள் 2017இல் அறிவித்தார்கள். 1990இல் கிழக்கு ஜெர்மனி அப்படித்தான் நுழைந்தது.

ஆனால் அதற்கு அவர்கள் பிரிட்டனைவிட்டுப் பிரிய வேண்டும். ஐரோப்பாவுக்கு வாக்களித்த எல்லாரும் அதற்கும் தலையாட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. சட்டப்படி ஒரு வாக்கு கூடுதலாக இருந்தாலே போதும். ஆனால் வென்றவரும் தோற்றவரும் மறுநாள் அதே தெருவில்தான் வாழ வேண்டும். அந்தத் தெருக்களில் 1998க்கு முன்பு நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.